பருந்து எண்ணுகிறவர்கள்

சென்ற மழைக்காலத்தில் மூன்று புஸ்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். முதலாவது, மாரிஸ் ப்ரௌன் என்ற அமெரிக்கர் 1949ல் வெளியிட்ட 'ஹாக்ஸ் அலாஃப்ட்'. இரண்டாவது, ஜே. ஏ. பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1967ல் வெளியிட்ட 'தி பெரெக்ரின்'. மூன்றாவது அச்சேறாதது, இனி அச்சேறப் போவதும் இல்லை. என்னோடு கும்பகோணத்தில் படித்த நண்பன் ஒருவன், அமெரிக்காவில் டுலூத் என்ற நகரத்தில் தன் வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு மேலாக எழுதி வந்திருக்கிற பருந்துக் கணக்கு நோட்டு அது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எழுத்தைப் பற்றி நான் நாற்பது வருஷமாக நம்பி வந்த ஒரு விஷயம் ஆட்டம் கண்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதற்குப் பூர்வ கதை ஒன்று உண்டு. என் நாவல் ஒன்றில், ஒரு கிழவர் ஆடி மாசத்துப் பிற்பகல் ஒன்றில் திண்ணையில் உயிரை விடுகிறார். அந்தச் சமயத்தில் தலைக்கு மேலே ராஜாளிகள் கூட்டமாகத் தெற்கு நோக்கிப் பறந்து போகின்றன. அந்த வாக்கியத்தை மிகுந்த பிரயாசைப்பட்டு எழுதினேன். விமர்சகர்கள் இரண்டு மூன்று பேர் அதை எடுத்துப் போட்டுப் பாராட்டவும் செய்தார்கள். நண்பனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு மாசம் கழித்து வந்த அவன் கடிதத்தில், நாவலைப் பற்றி ஒரே ஒரு பாராதான் இருந்தது.

"ராஜாளி கூட்டமாகப் பறக்காது. ஒற்றையாகத்தான் போகும், மிஞ்சினால் ஜோடி. வடக்கே இருந்து நம்மூர்ச் சமவெளிக்கு வருகிற ராஜாளி ஐப்பசி வாக்கில் வந்து, கோடை வருவதற்குள் திரும்பிவிடும். ஆடி மாசத்தில், தஞ்சாவூர் ஜில்லாவில், நீ எந்த ராஜாளியைப் பார்த்தாய்?"

எனக்குக் கோபம் வந்தது. அது குறியீடு என்று பதில் எழுதினேன். இலக்கியம் பஞ்சாங்கம் அல்ல, கிழவருடைய மனம்தான் அப்படிப் பறந்து போகிறது, இதெல்லாம் பொறியியல் படித்தவர்களுக்குப் புரியாது என்றும் சேர்த்து எழுதினேன் என்று ஞாபகம். "குறியீடாகவே இருக்கட்டும். அது எந்த மாசத்துக் குறியீடு?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து நின்றுவிட்டது. பிறகு திடீரென்று ஒரு நாள் ஒரு பார்ஸல். உள்ளே மேலே சொன்ன இரண்டு புஸ்தகங்களும், அவன் நோட்டுகளின் நகல்களும். "எனக்கு விமர்சனம் தெரியாது. உனக்குத் தெரியும். படித்துப் பார்" என்று ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது.

படிக்கிறவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டுலூத், சுப்பீரியர் ஏரியின் மேற்கு நுனியில் இருக்கிற துறைமுகப் பட்டணம். இரும்புத் தாது கப்பலேறுகிற இடம். இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்து தெற்கே புறப்படுகிற பருந்துகள் இந்த ஏரிக்கரைக்கு வந்ததும் திரும்புகின்றன. பெரும்பாலான பருந்துகள் இடைவிடாமல் இறக்கை அடித்துத் தூரத்தைக் கடக்கிறவை அல்ல. வெயிலில் சூடேறித் தரையிலிருந்து மேலே எழும்புகிற காற்றில் இறக்கையை விரித்து, வட்டமிட்டு வட்டமிட்டு உயரே போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டே பல மைல் கடந்து, மறுபடி ஒரு காற்றைப் பிடித்து ஏறும். குளிர்ந்த தண்ணீருக்கு மேலே அந்த மாதிரிக் காற்று எழும்புவதில்லை. ஆகவே ஏரியைக் குறுக்கே கடக்காமல் கரையை ஒட்டித் தென்மேற்காக வருகின்றன. கரை முடிகிற இடத்தில் பட்டணம் இருக்கிறது. புனலின் வாயில் குடியிருக்கிறவனுக்குப் புனலில் ஊற்றியதெல்லாம் தெரியும் அல்லவா? அப்படித்தான், துணி உலர்த்துகிற கொல்லையில் உட்கார்ந்தபடியே என் நண்பன் ஒரு கண்டத்தின் பருந்துகளைப் பார்க்கிறான்.

நகரத்துக்கு மேலே உள்ள மலை விளிம்பில் 1972லிருந்து பறவைச் சரணாலயம் இருக்கிறது. அங்கே முறையாகக் கணக்கு எடுக்கிறார்கள். 2003ம் வருஷம் செப்டம்பர் 15ந் தேதி ஒரே நாளில் அங்கே எண்ணப்பட்ட பருந்துகள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை, அகன்ற இறக்கையுடைய ஒரே ஜாதிப் பருந்துகள். இவை மத்திய அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வழியில் மெக்ஸிகோவில் வெராக்ரூஸ் மாகாணத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுகிய சமவெளியில் வந்து சேர்கின்றன. அங்கே கார்டெல் என்ற ஊரில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில் நின்று எண்ணுகிறார்கள். ஒரு பருவத்தில் 40 லட்சத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. காற்றில் சுழன்று ஏறுகிற கூட்டத்தை எண்ண முடியாது; எண்ணினால் ஒன்றையே நாலு தடவை எண்ணுவோம். அது உச்சிக்கு ஏறி முடித்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் சறுக்கத் தொடங்கும்போது எண்ண வேண்டும். மேகமில்லாத நீல வானம் பார்ப்பவனுக்குச் சத்துரு. வெள்ளை மேகம் நண்பன். வடக்கே இருந்து குளிர்ந்த காற்று வீசின மறுநாள் பருந்து அதிகம் வரும். இவ்வளவுதான் சாஸ்திரம். மற்றதெல்லாம் கழுத்து வலி.

இனிப் புஸ்தகங்களுக்கு வருகிறேன்.

ப்ரௌனுடைய புஸ்தகம் பென்ஸில்வேனியாவில் ஹாக் மௌண்டன் என்ற மலையின் கதை. கிட்டட்டினி என்ற நீண்ட மலைத்தொடரில் அது ஒரு முகடு. மலையில் மோதி மேலே எழும்புகிற காற்றில் பருந்துகள் மிதந்து வரும். பாறைமேல் நிற்பவனுடைய கண்மட்டத்தில் கூட வரும். இதைப் பறவைப் பிரியர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவர்கள் துப்பாக்கிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூற்றுக் கணக்கில் கூடிச் சுட்டார்கள். கோழியையும் காட்டுப் பறவைகளையும் தின்கிற பிராணி என்று அந்தக் காலத்து நம்பிக்கை. 1929ல் மாகாண அரசாங்கமே கோஸ்ஹாக் என்ற ஒரு ஜாதிக்குத் தலைக்கு 5 டாலர் பரிசு வைத்தது. சுடுகிறவன் ஜாதி பார்த்தா சுடுவான்? 1932ல் ரிச்சர்ட் பௌ என்ற இளைஞர் அங்கே போய், செத்த பருந்துகளைத் தரையில் வரிசையாகப் பரப்பிப் படம் பிடித்தார். அந்தப் படம் நியூயார்க்கில் ரோஸலி எட்ஜ் என்ற அம்மாளின் கண்ணில் பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடி, பிறகு நியூயார்க் நகரப் பூங்காவில் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவர். 1934ல் அவர் மலையில் சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரௌனையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு அனுப்பினார். பிறகு நிலத்தை விலைக்கே வாங்கி, 1938ல் அதற்கென்று ஏற்பட்ட சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

புஸ்தகத்தின் சுவாரசியம் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. சம்பளம் கூட வாங்காமல், சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு வந்த ஒரு இளம் தம்பதி. ஊரார் எல்லோரும் விரோதி. முன் காலத்தில் வழிப்போக்கர்களைக் கொன்றதாகப் பெயர் வாங்கிய சத்திரக்காரன் ஒருவனுடைய பழைய கல் வீட்டில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். புருஷன் மலை உச்சியில் எண்ணிக்கொண்டிருக்க, துப்பாக்கியுடன் வருகிறவர்களை ரஸ்தாவில் நின்று திருப்பி அனுப்புகிற வேலை மனைவிக்கு. எந்த நாவலாசிரியனுக்கும் நாக்கில் நீர் ஊறக் கூடிய விஷயம். ஆனால் ப்ரௌன் நாவலாசிரியர் அல்ல என்பது நாலு பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. அவர் நடை சாதாரணமானது. சில இடங்களில் சபையில் பேசுகிறவர் மாதிரி வேடிக்கை பண்ணப் பார்க்கிறார். நல்ல நாளை வர்ணிக்க அவரிடம் உள்ள விசேஷணங்கள் ஐந்தாறுதான். அவற்றையே மாற்றி மாற்றிப் போடுகிறார். இர்மாவைப் பற்றி இன்னும் சொல்ல மாட்டாரா என்று ஏங்க வைத்துவிட்டு, அடுத்த பருந்துக்குப் போய்விடுகிறார். இவை குறைகள். குறைகள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தப் புஸ்தகத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அது ப்ரௌன் எழுதினதல்ல. 1962ல் ரேச்சல் கார்ஸன் 'ஸைலண்ட் ஸ்ப்ரிங்' என்ற தம் புஸ்தகத்தை வெளியிட்டார். டி.டி.டி. முதலிய பூச்சி மருந்துகள் பறவைகளை என்ன செய்கின்றன என்று உலகத்துக்குச் சொன்ன புஸ்தகம். அதில் ஹாக் மௌண்டன் கணக்கு வருகிறது. வெண்தலைக் கழுகின் குஞ்சுக்குத் தலை வெளுக்காது. உடம்பு முழுக்கக் கறுப்பாக இருக்கும். ஆகையால் பறக்கும்போதே வயசு சொல்லிவிடலாம். 1935 முதல் 1939 வரை அந்த மலையைக் கடந்த கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20. 1957ல் மட்டும், பெரிய கழுகு 32க்கு ஒரே ஒரு இளசு. வீட்டில் கிழவர்கள் எல்லோரும் சௌக்கியம். தொட்டில் மட்டும் ஆடவில்லை என்பது மாதிரி. கழுகுகள் வந்துகொண்டேதான் இருந்தன. மலைமேல் நின்று ஆஹா என்று பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. கறுப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்று தினமும் குறித்து வைத்தவன் ஒருவன் இருந்ததால் தெரிந்தது. அவனும் 1935ல் இதற்காகக் குறிக்கவில்லை. அப்போது டி.டி.டி. வயலுக்கு வந்திருக்கவே இல்லை. எதற்கு உபயோகப்படும் என்று தெரியாமலேயே சரியாக எழுதி வைத்தான். 1972ல் அமெரிக்காவில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. கழுகுகள் மெல்ல மெல்லப் பெருகி, 2007ல் ஆபத்தில் உள்ள பிராணிகளின் ஜாபிதாவிலிருந்து எடுக்கப்பட்டன.

ப்ரௌனுடைய வாக்கியங்களைவிட அவருடைய எண்கள் நன்றாக எழுதப்பட்டவை என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. யுத்தத்தின்போது அவர் கடற்படைக்குப் போய்விட்ட வருஷங்களில் கணக்கு இல்லை. யாரையாவது விசாரித்து, உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு ஓட்டையை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. காலியாக விட்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் தெரியாத இடத்தைக் காலியாக விடுகிறோம்? நான் ராஜாளிகளை விட்டு அடைத்தேன்.

பேக்கர் நேர் எதிரான மனுஷர். எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில், மோட்டார்க்காரர்கள் சங்கம் ஒன்றின் கிளையில் உத்தியோகம் பார்த்தவர். கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் முடியாது. மூட்டு வாதம் வேறு. ஒழிந்த நேரத்திலெல்லாம் சைக்கிளில் போய், பத்துக் குளிர்காலம் ராஜாளிகளைப் பின்தொடர்ந்தார். எழுத உட்கார்ந்தபோது பத்து வருஷத்தையும் ஒரே குளிர்காலமாகச் சுருக்கினார். அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிகிற டைரி. தேதி இருக்கிறது, வருஷம் இல்லை. ஆறு இருக்கிறது, ஓடை இருக்கிறது, கழிமுகம் இருக்கிறது. எதற்கும் பெயர் இல்லை. மனுஷர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. ராஜாளியைப் பார்த்துப் பார்த்து, தானே ராஜாளியாகிவிட வேண்டும் என்று ஒரு மனுஷன் தவிக்கிறான், அவ்வளவுதான் கதை. ஆனால் நடை! பறவை பறப்பதை எழுத ஆங்கில பாஷையையே உடைத்துப் புதுசாக வார்த்திருக்கிறார். வினைச்சொல் வரக் கூடாத இடத்தில் வினைச்சொல் வருகிறது. அது வந்ததும் காற்று அடிக்கிறது. முதல் தடவை படித்துவிட்டு ஒரு வாரம் எனக்கு ஒன்றும் எழுத ஓடவில்லை. 1967ல் இதற்கு டஃப் கூப்பர் பரிசு கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

பறவை சாஸ்திரிகள் மட்டும் முகம் சுளித்தார்கள். ஒரு மனுஷன் இத்தனை தடவை ராஜாளி கொல்வதைப் பார்த்திருக்க முடியுமா? உழுத வயலில் ராஜாளி மண்புழு தின்கிறதாமே, அது ராஜாளிதானா, வேறு சின்ன வல்லூறா? யாரோ வளர்த்துத் தப்பிப் போன பறவையோ? இப்படியெல்லாம் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். பார்சல் வருவதற்கு முன்பு இந்தச் சண்டையைப் பற்றி யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், யோசிக்காமல் பேக்கர் பக்கம் நின்றிருப்பேன். கலைஞன் சொன்னதே உண்மை என்று ஒரு கட்டுரை கூட எழுதியிருப்பேன்.

இப்போது அப்படி எழுத மாட்டேன். பேக்கர் பக்கம் நிற்பேன். ஆனால் காரணம் வேறு. பத்து வருஷத்தை ஒன்றாக்கியிருக்கிறேன் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். வாசகனோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அதில் மோசடி இல்லை. அதைவிட முக்கியமாக, டைரி தொடங்குவதற்கு முந்திய பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. அழகு தேடுகிற வாசகர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற பகுதி. ராஜாளி கொன்று தின்று போட்ட உடல்கள் 619ஐ அவர் தேடிக் கண்டுபிடித்து, இன்ன பறவை இத்தனை என்று வகைப்படுத்தியிருக்கிறார். நூற்றுக்கு 38 காட்டுப் புறா. பிறகு கறுப்புத் தலைக் கடற்காக்கை, ஆள்காட்டி என்று போகிறது. 619 தடவை சேற்றில் குனிந்து, ரத்தம் காயாத எலும்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பிற்பாடு அவர் பரவசப்படும்போது நாம் நம்புகிறோமே, அதற்குக் காரணம் அவருடைய பாஷை என்று நினைத்திருந்தேன். பாஷையும்தான். ஆனால் அஸ்திவாரத்தில் அந்த 619 இருக்கிறது. மண்புழு விஷயத்தில் அவர் தவறியிருக்கலாம். தவறுவதற்காவது அவர் வயலில் இருந்தார். என் கிழவர் தலைக்கு மேல் பறந்த ராஜாளிகள் விஷயத்தில் நான் தவறக்கூட இல்லை. நான் அங்கே இல்லவே இல்லை.

பேக்கர் எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் ராஜாளி அழிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த விதமும் வேடிக்கையானது. பந்தயப் புறா வளர்க்கிறவர்கள், ராஜாளி பெருத்துப் போய்ப் புறாக்களைத் தின்கிறது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு கூடாது என்று 1960ல் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று டெரெக் ராட்க்ளிஃப் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1961, 62ல் எண்ணினார்கள். பெருத்துப் போகவில்லை, பழைய இடங்களில் ஏறக்குறையப் பாதியில் கூடு காலி. குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி தேடப் போய், குற்றவாளியே கொலையுண்டு கிடந்ததைப் பார்த்த மாதிரி. பிறகு ராட்க்ளிஃப், முட்டை சேகரிப்பவர்கள் பெட்டிகளில் வைத்திருந்த பழைய ராஜாளி முட்டை ஓடுகளை நிறுத்துப் பார்த்தார். 1947க்குச் சற்று முன்பின்னாக ஓடு திடீரென்று மெலிந்திருந்தது. டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த காலம். தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடைந்தது. இது வெளிவந்ததும் 1967லேயே. பேக்கருடைய புஸ்தகம் வந்த அதே வருஷம். ஒருவர் சாகப் போகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதறினார். ஒருவர் நாடி பிடித்துப் பார்த்தார். ராஜாளி பிழைத்ததற்கு நாடி பிடித்தவர்தான் காரணம். ஆனால் பிழைக்க வேண்டும் என்று நமக்கு ஏன் படவேண்டும் என்று கேட்டால், அதற்குப் பதில் பேக்கரிடம்தான் இருக்கிறது. இரண்டில் எது உயர்த்தி என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

இனி என் நண்பனுடைய நோட்டு. 2001ல் ஆரம்பிக்கிறது. தேதி, மணி, காற்றின் திசை, மேகம், இனம், எண்ணிக்கை, குறிப்பு என்று கட்டம் போட்டிருக்கிறான். இலக்கிய ஆசை ஒரு துளியும் கிடையாது. முதல் முப்பது பக்கம் தள்ளாடித் தள்ளாடித்தான் படித்தேன். அதற்கப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: பூஜ்யங்கள். செப்டம்பர் 3, காலை 9 முதல் 10 வரை, பூஜ்யம். 10 முதல் 11 வரை, பூஜ்யம். மழை, பூஜ்யம். ஒன்றும் வராத ஒரு மணி நேரத்தை, ஒன்றும் வரவில்லை என்று எழுதுவதற்காக, அவன் உட்கார்ந்திருக்கிறான். எழுதாமல் விட்டால், அவன் பார்க்கவில்லையா, பருந்து வரவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. பார்த்தேன், இல்லை என்று சொல்வது ஒரு சாட்சி. நம் கதைகளில் இந்தப் பூஜ்யத்துக்கு இடமே இல்லை. பாத்திரம் ஜன்னலைத் திறந்தால் நிலவு இருந்தே தீரவேண்டும்.

நான் மேலே சொன்ன 2003 செப்டம்பர் 15க்கு உரிய பக்கத்தை ஆவலோடு புரட்டினேன். காலையில் மணிக்கு மணி எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. எழுத்து கிறுக்கலாகிக்கொண்டே வருகிறது. பகல் 1.40க்கு ஒரு கோடு. அதன் கீழே: "தலைக்கு மேலே நாலு கூட்டம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இதற்கு மேல் எண் போட்டால் பொய். நிறுத்தினேன். மூன்று மணி வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்." மலை விளிம்பில் பலர் கூடி எண்ணினார்கள், இவன் ஒற்றை ஆள். வாழ்நாளிலேயே பெரிய நாளில் அவன் நோட்டில் மொத்தம் போடவில்லை. இதைப் படித்துவிட்டு நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். எழுதத் தெரிந்தவன் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பேராசிரியர்கள் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

2017லிருந்து எண்கள் குறைகின்றன. 2019ல் பாதி. பருந்துகள் அருகிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். அந்த வருஷக் கடைசிப் பக்கத்தில், நவம்பர் மாசத்துக் கணக்கின் கீழே, குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தான்: "மலையில் எடுத்த கணக்கோடு நாளுக்கு நாள் ஒத்துப் பார்த்தேன். அங்கே குறையவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஆகையால் இந்தக் குறைவு என்னுடையது, பருந்தினுடையது அல்ல."

என் நண்பன் தன் கண் போகிறது என்று எனக்கு எழுதவில்லை. எங்கள் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. யாரிடமும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் நோட்டில் சொல்லியிருக்கிறான். ஏனென்றால் சொல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழுதாத நோட்டில், தன்னைப் பற்றி அவன் எழுதின ஒரே வாக்கியம் இது. தன்னிரக்கம் ஒரு மாத்திரை கூட இல்லை. சுயசரிதை என்ற பெயரில் எத்தனையோ புஸ்தகங்களுக்கு நான் மதிப்புரை எழுதியிருக்கிறேன். பார்க்கிறவனுடைய குறை, பார்த்த பொருளின் குறையாகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட ஒரு வரியை அவற்றில் கண்டதாக ஞாபகம் இல்லை.

2021ல் கட்டத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "இதற்குக் கீழே உள்ள எண்களை மேலே உள்ளவற்றோடு ஒப்பிடக் கூடாது. பார்ப்பது பக்கத்து வீட்டுப் பெண், வயசு 12. எழுதுவது மட்டும் நான்." அந்தப் பெண்ணின் கணக்கு, இவனுடைய நல்ல வருஷங்களைவிட அதிகமாகவே இருக்கிறது. "அவளுக்குக் கழுத்து வலிப்பதில்லை" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

நம்மவர்கள் யாரும் இப்படிப் பார்த்ததே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆரம்பகாலத் தமிழ் நாவலாசிரியர்களில் ஒருவரான மாதவையாவின் குமாரர் மா. கிருஷ்ணன், 1950லிருந்து 1996ல் சாகிற வரைக்கும் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பிராணிகளையும் பறவைகளையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார், தமிழிலும் எழுதினார். சென்னையில் தம் வீட்டைச் சுற்றிப் பார்த்ததையே விஷயமாக எழுதக் கூடியவர். நாவலாசிரியர் வீட்டிலிருந்து இப்படி ஒரு கண் கிளம்பியதற்கு நாம் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அந்தக் கண் நம் நாவல்களுக்குள் வரவில்லை. நம் கதைகளில் இன்னும் 'பெயர் தெரியாத ஒரு பறவை' தான் கத்திக்கொண்டிருக்கிறது. பெயர் தெரியாதது பாத்திரத்துக்கா, ஆசிரியருக்கா என்று நாம் கேட்பதில்லை. பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் அது குணசித்திரம். ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் சோம்பல்.

எல்லா நாவலாசிரியர்களும் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கற்பனை வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. பத்து வருஷத்தை ஒன்றாக்கிய பேக்கரின் துணிச்சல் எனக்கு இன்னும் வேண்டியதாகவே இருக்கிறது. பத்து வருஷம் கையில் இருந்தால் ஒன்றாக்கலாம் என்று மட்டும் இப்போது தெரிகிறது. 'தி பெரெக்ரின்' கிடைக்கிற புஸ்தகம்தான். ஆங்கிலம் படிக்கிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும், முன்பகுதியைத் தாண்டாமல். 'ஹாக்ஸ் அலாஃப்ட்' நூல் நிலையங்களில் அகப்பட்டால் படிக்கலாம். நடைக்காக அல்ல, மனுஷர்களுக்காக.

என் நாவல் சமீபத்தில் மறுபதிப்புக்கு வந்தது. ராஜாளி வாக்கியத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ஆடி மாசத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் கருடன் உண்டு. ஒரு கருடனைப் போட்டுப் பார்த்தேன். கிழவர் வைகுண்டம் போகிற புராணப் படமாகிவிட்டது. காக்கையைப் போட்டுப் பார்த்தேன். திவசம் மாதிரி இருந்தது. கடைசியில் வாக்கியத்தையே அடித்துவிட்டேன். கிழவர் இப்போது வெறும் வானத்தின் கீழே சாகிறார். விமர்சகர்கள் பாராட்டிய அழகு போய்விட்டது என்பது வாஸ்தவம். ஆனால் திண்ணையும், அவர் மருமகள் வாசலில் காய வைத்திருந்த வற்றலும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிற மாதிரி எனக்கு ஒரு எண்ணம்.

புதுப் பதிப்பை நண்பனுக்கு அனுப்பினேன். அந்தப் பெண்ணின் கையெழுத்தில் விலாசம் எழுதிய உறைக்குள், அவன் சொந்தக் கையால், வரி கோணலாகக் கீழிறங்கிப் போகிற எழுத்தில் பதில் வந்தது.

"யாரையோ படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பூஜ்யம் போட்டிருக்கிறாய். சரி."